வலையில் பட்ட விரல்

மேற்பிரிவு லயம்,
நமுனுகுல.
2024 பெப்ரவரி 11

ஸாஹிர் அவர்களுக்கு,

"அவர்களுக்கு" என்று போட்டிருப்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரி. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து "மச்சான்" என்று கூப்பிட்ட வாய்தான். இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. உன் போனை நான் எடுக்காததற்கும் காரணம் இருக்கிறது. உன் குரலைக் கேட்டால் என் கோபம் தணிந்துவிடும். நீ இரண்டு பகிடி விடுவாய், நானும் சிரித்துத் தொலைப்பேன். இந்த முறை தணியக் கூடாது என்றுதான் கடிதம்.

உன் உம்மாவின் முழங்கால் வலி எப்படி? எண்ணெயை ஒழுங்காகப் போடச் சொல். உம்மாவுக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் திரீவீலில் ஏறிய ஒரு பிள்ளை போனை நீட்டி, "அண்ணே, இது நீங்கதானே?" என்று கேட்டது. பார்த்தேன். பச்சைப் பனியன், ஏழாம் இலக்கம், வாயைத் திறந்துகொண்டு அந்தரத்தில் நிற்கிறேன். பதுளை நூலக மேல்மாடியில் நீ வரைந்த விளையாட்டுப் படங்களை வைத்துக் கண்காட்சி நடத்துவதாக அந்தப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெயர்ப்பலகை எழுதுகிறவன் ஓவியனாகிவிட்டான் என்று முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வலது கை நடுவிரல் வலையில் பட்டிருக்கிறது.

அது ஹல்துமுல்லைக் கரப்பந்து இறுதிப் போட்டி. வேறு எந்தப் போட்டியாகவும் இருக்க முடியாது. பின்னால் அவர்களுடைய மைதானத்துக் கருவேப்பிலை மரம்கூட இருக்கிறது. கடைசிப் புள்ளிக்கு நீ பந்தைத் தூக்கிக் கொடுத்தாய், நான் அடித்தேன், வென்றோம். வலை ஆடியது, ஜெயகுமார் கை பட்டுவிட்டது, புள்ளி செல்லாது என்று அவர்கள் ஆட்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கல்லெறி தொடங்குகிற நேரத்தில் அவர்களுடைய பயிற்சியாளர் தம்பையா ஐயா நடுவில் வந்து, "படலன்னா வா, மாரியம்மன் முன்னால சூடத்த அணச்சு சத்தியம் பண்ணு. நாங்க ஒத்துக்கிறோம்" என்றார். எரிகிற சூடத்தை இந்த உள்ளங்கையால்தான் அணைத்தேன். வடு இன்றைக்கும் இருக்கிறது. பக்கத்தில் நின்றவன் நீ.

அதே தம்பையா ஐயாவின் இளைய மகன் யோகராஜுக்குத்தான் என் தங்கச்சி சுதர்ஷினியைப் பேசியிருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். மாசியில் பரிசம் போட வருவதாக இருந்தார்கள். உன் படம் போன் போனாகச் சுற்றி ஹல்துமுல்லைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. "கூட ஆடுன சிநேகிதனே வரஞ்சிட்டான், பொய்ச் சத்தியம் பண்ணுன வீட்ல பொண்ணு எடுக்கலாமா?" என்று அங்கே கேட்கிறார்களாம். பரிசத்தைத் தள்ளிப் போடுவோம் என்று நேற்றுத் தகவல் வந்தது.

இப்போது சொல். அந்த நாளின் புகைப்படம் ஏதாவது உன்னிடம் இருக்கிறதா? யாராவது வரையச் சொன்னார்களா? இல்லை, இத்தனை வருடமாக உனக்கு என்மேல் ஏதாவது இருந்ததா? மூன்றில் ஒன்று இருக்க வேண்டும்.

ஜெயகுமார்


பஸார் வீதி,
பதுளை.
14.02.2024

அன்பின் ஜெயா,

உன்மேல் சாந்தி உண்டாகட்டும். இப்போதைக்கு உனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

போனை எடுக்காத மகாராஜாவுக்குக் கடிதத்திலேயே பதில் எழுதுகிறேன். தபாலில் போட்டால் எப்போது வருமென்று தெரியாது, அதனால் மாமி மகன் மபாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பக்கம் போகிற பஸ்ஸில் இப்போது அவன்தான் கண்டக்டர். உம்மா எண்ணெய் போடுகிறார், உன்னைக் கேட்டார். "அந்தப் புள்ள ஏன் இப்ப வாரதில்ல?" என்கிறார். நான் என்ன சொல்ல?

உன் மூன்று கேள்விக்கும் பதில் இல்லை, இல்லை, இல்லை. புகைப்படம் கிடையாது. அன்றைக்கு எங்கள் எல்லாரிடமும் இருந்தது பட்டன் போன், அதில் எடுத்தால் ஆளும் மரமும் ஒரே மாதிரி வரும். உன் உடம்பை வரைவதற்கு மபாஸைக் கடைக் கூரை வளையில் தொங்கவிட்டுப் பார்த்து வரைந்தேன். அவன் தோள் பிசகி இரண்டு நாள் டிக்கெட் கிழிக்க முடியாமல் கிடந்தான், வேண்டுமென்றால் கேட்டுப்பார். முகம் மட்டும் மனதிலிருந்து போட்டேன். அதைப் போட எனக்கு யாரையும் தொங்கவிட வேண்டியிருக்கவில்லை.

விரல் விஷயம் வெறும் படம் வரைகிற விஷயம், மச்சான். கைக்கும் வலைக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பார்த்தேன். பார்க்கிறவனுடைய கண் அந்த ஓட்டைக்குள் போய் விழுந்துவிடுகிறது. ஆள் ஒரு பக்கம், வலை ஒரு பக்கம் என்று படம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. விரலைக் கொண்டுபோய் வலையில் வைத்தேன், படம் சேர்ந்துகொண்டது. சாயத்துக்குச் சட்டப்புத்தகம் கிடையாது. இதைத் தம்பையா ஐயாவிடம் சொல்லு, வேண்டுமென்றால் நானே வந்து சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. ஒரு படத்துக்கு நீ ஏன் இப்படித் துள்ளுகிறாய்? மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம்? உனக்கு உன்னைத் தெரியும், சாமிக்கும் தெரியும். ஊர் நாலு நாள் பேசும், ஐந்தாம் நாள் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளும்.

சுதர்ஷினிக்கு என் சலாம். அவளுடைய கல்யாணத்துக்கு மேடைப் பெயர்ப்பலகை நான்தான் எழுதுவேன் என்று அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
ஸாஹிர்


மேற்பிரிவு லயம்,
நமுனுகுல.
2024 பெப்ரவரி 20

ஸாஹிர்,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் வாய் ஒரு பக்கம் பிரித்து ஒட்டியது போல இருந்தது. மபாஸைக் கேட்டேன், "சத்தியமா நான் தொடல நானா" என்று தலையில் அடித்தான். உங்கள் வீட்டாருக்கு என்னிடம் சத்தியம் செய்வது சுலபமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை இரண்டு உறை போட்டு அனுப்புகிறேன். உள் உறை பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

"மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் எத்தனை தரம் படித்தேனோ தெரியாது. அதை ஊரார் கேட்டால் ஊர்ப்பேச்சு. நீ கேட்டால் அது என்ன பேச்சு? என் மடியில் கனம் இருக்கிறதா இல்லையா என்று உனக்கே சந்தேகமா?

நீ துள்ளுகிறாய் என்கிறாய். இங்கே வந்து ஒரு நாள் என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பார். ஏறுகிறவர்கள் எல்லாரும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் பார்த்தால் தேயிலையைப் பார்க்கிறார்கள். நேற்று வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். பேசிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே வாயை மூடிக்கொண்டார்கள். கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு எனக்கு மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டோம் என்கிறார்கள். இருக்கலாம். இப்போது எனக்கு யார் எதை மறந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருப்பதாகவே படுகிறது.

இதெல்லாம் நான் தாங்குவேன். சுதர்ஷினியைப் பார்த்துத்தான் தாங்க முடியவில்லை. அவளும் யோகராஜும் பண்டாரவளையில் ஒன்றாகப் படித்தவர்கள். நாங்கள் பார்த்துச் செய்கிற கல்யாணம் என்று ஊருக்குச் சொன்னாலும், அவர்கள் பார்த்துக்கொண்டதை நாங்கள் ஒத்துக்கொண்டோம் என்பதுதான் உண்மை. பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய் வருகிறாள், சமைக்கிறாள், அழுகை இல்லை. நேற்று என் கையை இழுத்து வடுவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரே ஒரு தரம் எங்கிட்ட மட்டும் சொல்லு. பட்டுச்சா?" என்று கேட்டாள். என் கூடப் பிறந்தவள் கேட்கிறாள்! "படல" என்றேன். "சரி" என்றாள். அவள் அந்தச் "சரி"யைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தம்பையா ஐயா சொல்லி அனுப்பியிருக்கிறார். போனில் வருவதை நம்பி முடிவெடுக்க மாட்டாராம். அவரும் சம்சாரமும் பதுளைக்கு வந்து படத்தை நேரில் பார்ப்பார்களாம், உன்னிடமும் ஒரு வார்த்தை கேட்பார்களாம், அதற்குப் பிறகுதான் ஆமோ இல்லையோ சொல்வார்களாம். என் தங்கச்சியின் கல்யாணம் உன் படத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது.

அதனால் இரண்டு விஷயம். முதலாவது, அவர்கள் வருவதற்கு முன் அந்தப் படத்தை இறக்கு, அல்லது விரலைத் திருத்து. ஒரு கோடு சாயம்தானே. சட்டப்புத்தகம் கிடையாது என்று நீதானே சொன்னாய்.

இரண்டாவது, நீ வலையிலிருந்து இரண்டு அடியில் நின்றாய். எனக்குப் பந்து தூக்கிக் கொடுத்தவன் நீ. உன்னைவிடப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. நீ அன்றைக்கு என்ன பார்த்தாய்? படம், ஓட்டை, பிளப்பு எதுவும் வேண்டாம். பட்டதா, படவில்லையா? ஒரு வார்த்தையில் எழுது.

ஜெயகுமார்


பஸார் வீதி,
பதுளை.
04.03.2024

அன்பின் ஜெயா,

முதலில் சந்தோஷச் செய்தி. உட்கார்ந்து படி. நின்றுகொண்டிருந்தால் வண்டியைப் பிடித்துக்கொள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பகலில் தம்பையா ஐயாவும் அவருடைய சம்சாரம் பெரியாயி அம்மாவும் வந்தார்கள். நீ சொல்லியும் நான் படத்தை இறக்கவில்லை. இறக்கினால் ஒளித்துவிட்டோம் என்பார்கள், திருத்தினால் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். தம்பையா ஐயா வெள்ளை வேட்டி, கோட்டு, கையில் குடை. கோர்ட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். வேறு ஒரு படத்தையும் பார்க்கவில்லை. நேரே உன் முன்னால் போய் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். விரலுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"படுதே" என்றார்.

நான் நடுவிலே புகுந்து கண், ஓட்டை, பிளப்பு என்று உனக்கு எழுதியதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, நீங்க வரையிறவரு. நான் நாப்பது வருஷம் விசில் ஊதுனவன். படுதுன்னு வரஞ்சிருக்கீங்க, படுதுன்னு நான் பாக்கிறேன். இதுக்கு மேல என்ன பேச்சு?" என்றார். முடிந்தது என்று நினைத்தேன். மனதுக்குள் சுதர்ஷினியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் பெரியாயி அம்மா வந்தார். அவர் அதுவரை மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, கயிறு இழுக்கிற பெண்கள் படத்துக்கு முன்னால் நின்று, "இவ மாரியாயி மக மாதிரியே இருக்கா" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். உன் படத்தைப் பார்த்தார். விரலைப் பார்க்கவில்லை, ஜெயா. கீழே பார்த்தார். வலையின் கீழ்க் கயிற்றைப் பார்த்தார்.

"கல்லு எங்க?" என்று கேட்டார்.

"என்ன கல்லு?" என்றார் ஐயா.

"வலையில கட்டுற கல்லு. நம்ம பக்கத்துக் காத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு கட்டாம வல நிக்குமா? இந்தத் தம்பி ரெண்டையும் வரையல. அன்னைக்கி ஒண்ணு இருந்துச்சு, ஒண்ணு இல்ல."

உனக்கு நினைவிருக்கும், பெரகலக் கணவாயிலிருந்து வருகிற அந்தக் காற்று. ஆட்டத்துக்கு முன் அவர்களுடைய ஆட்கள் சாக்குத் துண்டில் கல்லைப் பொதிந்து வலையின் கீழ்க் கயிற்றில் இரண்டு மூலையிலும் கட்டினார்கள். நாங்கள்கூட, வலைக்கு ஏன் தொட்டில் கட்டுகிறார்கள் என்று பகிடி பண்ணினோம்.

"ஒண்ணு எங்க போச்சு?" என்று ஐயா கேட்டார். பெரியாயி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பார். "நான்தான் அவுத்தேன். ஆடுறவங்களுக்குத் தேத்தண்ணி வெக்கச் சொன்னீங்க. அடுப்புக்கு ரெண்டு கல்லுதான் கெடச்சுது, மூணாவது கல்லுக்கு நான் எங்க போவேன்? கம்பத்துக்கிட்டதான் அடுப்பு மூட்டியிருந்தேன். கைக்கெட்டுன கல்லு, எடுத்துட்டேன். இந்தப் புள்ள எகிறி அடிக்கயில வல ஒரு பக்கமா பறந்துச்சு. நான் கம்பத்துக்குக் கீழதானே குந்தியிருந்தேன். கை படல. கைக்கும் வலைக்கும் நடுவுல என் கை போகும். காத்துலதான் வல ஆடுச்சு."

ஐயா குடையைத் தரையில் ஊன்றினார். "அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றார்.

"எங்க சொல்ல? அதுக்குள்ள நீங்க சூடத்த ஏத்திட்டீங்க. நான் கல்ல எடுத்ததாலதான் சண்டன்னு தெரிஞ்சா என்னையும் சேத்து அணச்சிருப்பீங்க. அந்தப் புள்ள பயப்படாம கைய வெச்சிச்சு. உண்மையச் சொன்னிச்சு, சாமி ஏத்துகிச்சு, அதோட முடிஞ்சுபோச்சுன்னு இருந்துட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "யாரு தம்பி இத வரஞ்சது, நீங்களா? நீங்க அன்னைக்கிப் பக்கத்துலதானே நின்னீங்க? நின்னுகிட்டுமா இப்பிடி வரஞ்சீங்க?" என்றார். நான் படம் என்றால் அப்படித்தான் அம்மா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

தம்பையா ஐயா படியிறங்கும்போது என் தோளில் கை வைத்து, "பரிசத்துக்கு நீங்களும் வரணும்" என்றார். சந்தேகப்பட்டதற்காக அவரே உன்னிடம் நேரில் வந்து பேசப் போகிறாராம். நீ கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சிரி.

அல்ஹம்துலில்லாஹ்! நேற்று ராத்திரி உம்மாவிடம் சொன்னேன், உடனே சீனிச் சோறு ஆக்கினார். உன் பங்கை மபாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். உறை பிரிந்திருந்தால் அவனைக் கேள், சீனிச் சோறு குறைந்திருந்தால் என்னைக் கேட்காதே.

இனியாவது போனை எடு மச்சான்.

உன்,
ஸாஹிர்


மேற்பிரிவு லயம்,
நமுனுகுல.
2024 மார்ச் 19

ஸாஹிர்,

சீனிச் சோறு வந்தது. சுதர்ஷினியும் அம்மாவும் சாப்பிட்டார்கள். உம்மாவுக்கு எங்கள் எல்லாருடைய நன்றியும்.

ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட்டார்கள். தம்பையா ஐயா எல்லாருக்கும் முன்னால் என் உள்ளங்கையைப் பிடித்து வடுவைத் தடவி, "தப்பு எங்க வீட்டுக் கல்லு மேல" என்றார். பெரியாயி அம்மா அவரை முறைத்தார். ஊர் சிரித்தது. திருவிழாக் கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். வைகாசியில் முகூர்த்தம். சுதர்ஷினி இப்போது சமையலறையில் பாட்டுப் பாடுகிறாள், கேட்கச் சகிக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீ பரிசத்துக்கு வருவாய் என்று பார்த்திருந்தேன். நீ வரவில்லை. கடையில் வேலை என்று மபாஸ் சொன்னான். வராததற்கு வேறு காரணம் இருக்குமோ என்று யோசித்தேன். என் சந்தேகப் புத்தி இன்னும் போகவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் சுதர்ஷினியை ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வந்தேன். உன்னைப் பார்த்துக் கட்டிப்பிடித்துச் சண்டையை முடிக்கத்தான் வந்தேன், நம்பு. கடை பூட்டியிருந்தது. பெயர்ப்பலகை மாட்ட மகியங்கனைக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடை அஸீஸ் நானா சொன்னார். வந்தது வந்தோம், படங்களையாவது பார்ப்போம் என்று நூலகத்துக்குப் போனோம்.

வாசலில் உன் கையெழுத்தில் பெரிய பதாகை. "தொடுவதற்கு முன்" என்று எழுதியிருந்தாய். கண்காட்சிக்குப் பெயர் இருப்பதை நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. எல்லே அடிக்கிற பையனுடைய மட்டையும் பந்தும் இன்னும் சேரவில்லை, நடுவில் ஒரு கீற்று வெளிச்சம். ஓடி வருகிற பிள்ளையின் நெஞ்சுக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு சாண். பந்து தடுக்கப் பாய்ந்தவனுடைய கையுறைக்கு முன்னால் பந்து நிற்கிறது. கேரம் காயும் குழியும்கூட அப்படித்தான். கீழே நீ எழுதி ஒட்டியிருந்ததைச் சுதர்ஷினி வாசித்தாள். "பட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. படுவதற்கு முந்திய கணத்தில்தான் ஆடுகிறவனுக்கு உயிர் இருக்கிறது. அதனால் நான் எப்போதும் ஓர் இடைவெளி விட்டே வரைகிறேன்."

எப்போதும்!

அப்புறம் என்னிடம் வந்தேன். அந்த மண்டபம் முழுவதிலும் பட்டுக்கொண்டு நிற்கிற கை ஒன்றே ஒன்றுதான், ஸாஹிர்.

எல்லாப் படத்திலும் கண் விழாத ஓட்டைக்குள் என் படத்தில் மட்டும் எப்படி விழுந்தது? எனக்குப் படம் தெரியாது என்று நினைத்து எழுதினாய். எனக்குப் படம் தெரியாதுதான், உன்னைத் தெரியும். ஒரு வார்த்தையில் எழுது என்று கேட்டிருந்தேன். நீ அத்தனை பக்கம் சந்தோஷம் எழுதி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதவில்லை. சந்தோஷத்தில் நானும் கவனிக்கவில்லை. இப்போது கவனிக்கிறேன். அன்றைக்குக் கோயில் வாசலில் என் கையில் பற்பசை பூசினாயே, பூசுகிறபோது நீ என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எரிச்சலில் அதுவும் அன்றைக்குத் தெரியவில்லை.

நீ நம்பவில்லை. இத்தனை வருடம் என் வீட்டில் சாப்பிட்டாய், என் அப்பா செத்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டினாய், என்னைப் பொய்ச் சத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டே வெட்டினாய். எதிர்ப்பக்கத்துக்காரி கல்லைப் பார்த்து என்னை நம்பினாள். நீ என் முகத்தைப் பார்த்தும் நம்பவில்லை.

படத்தைத் திருத்தாதே. இப்போது திருத்தினால் பெரியாயி அம்மாவை நம்பித் திருத்தியதாகும். அப்படியே இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு வா. வராமல் இருந்தால் சுதர்ஷினி மனம் வருந்துவாள். ஆனால் பெண் வீட்டு ஆளாக நான் உன்னை அழைக்கவில்லை. தம்பையா ஐயா உன்னை அழைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு ஆளாக வா.

ஜெயகுமார்


பஸார் வீதி,
பதுளை.
02.04.2024

அன்பின் ஜெயா,

இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். இந்த முறை பகிடி வரவில்லை.

நீ கேட்ட வார்த்தை இதுதான்: பட்டது. அப்படித்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. உன் கை இறங்கியது, வலை ஆடியது, இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். காற்றை நினைக்கவில்லை. நீ கோயிலுக்கு நடந்தபோது உன்னைத் தடுக்க வேண்டும் என்று ஓடி வந்தேன். அதற்குள் நீ கையை வைத்துவிட்டாய்.

ஆனால் ஒன்றை நீ தப்பாக எழுதியிருக்கிறாய். உன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டு நான் உன் வீட்டில் சாப்பிடவில்லை. கல்லெறி விழுந்திருந்தால் நாங்கள் ஒருவரும் முழுதாக நமுனுகுல வந்திருக்க மாட்டோம். எங்களுக்காகத்தான் சாமியிடமே பொய் சொல்லி, அந்தப் பாவத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு, கையையும் சுட்டுக்கொண்டாய் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் எனக்காக யாரும் அவ்வளவு செய்ததில்லை என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்திருக்கும், அதனால்தான் பார்க்கவில்லை. அந்தப் படத்தைக் குற்றம் சொல்ல வரையவில்லை, ஜெயா. மற்றதெல்லாம் ஆட்டம். இது ஒன்றுதான் நான் கும்பிட்டு வரைந்தது. அதனால்தான் என் சொந்த விதியையே மீறி விரலை வலையில் வைத்தேன்.

உன்னிடம் ஒரு தரம் கேட்டிருந்தால் போதும். கேட்டால் உன்னை வெட்கப்படுத்தியதாகும் என்று பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டேன். நீ சொல்லாத பொய்யை மன்னித்து, அதற்காக உன்மேல் பாசமும் வைத்திருக்கிறேன். நீ சொன்ன உண்மைக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. இப்போதுதான் அது விளங்குகிறது. விளங்கியதிலிருந்து கடையில் தூரிகையைத் தொடவில்லை.

கண்காட்சி முடிந்துவிட்டது. படத்தைத் திருத்தவில்லை. சுவருக்குத் திருப்பி வைத்திருக்கிறேன்.

மேடைப் பலகையை எழுதி முடித்து மபாஸிடம் அனுப்புகிறேன். அது சுதர்ஷினிக்குக் கொடுத்த வாக்கு, அதற்கும் நம் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொள்.

வைகாசியில் வருகிறேன். நீ சொன்னபடி மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில், பெரியாயி அம்மா காட்டுகிற இடத்தில் உட்காருகிறேன். பெண்ணின் அண்ணன் என்ற முறையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நீதான் பரிமாற வருவாய். பேச வேண்டாம், முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். என் இலையை மட்டும் தாண்டிப் போய்விடாதே.

ஸாஹிர்